வெறும் செம்பில் ஏன் காய்ச்சுகிறார்கள்? மால்ட் விஸ்கி வாலைகளைப் பற்றி ஒரு கேள்வி

கேட்டவர்: கானாடுகாத்தான் வாசி

அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் பழைய வீட்டின் முகப்பையும் பட்டாலையையும் விருந்தினர் தங்குவதற்காகச் சீர்படுத்திக்கொண்டிருக்கிறேன். இரண்டாங்கட்டில் குவிந்து கிடந்த பாத்திரங்களை ஒழுங்குபடுத்தியபோது ஒரு பெரிய செம்பு அண்டா கிடைத்தது. வெளிப்புறம் அடுப்புக் கரி ஏறிக் கறுத்திருக்கிறது. உட்புறத்தில் ஈயம் தேய்ந்து, திட்டுத் திட்டாகச் செம்பின் சிவப்பு தெரிகிறது. ஈயம் போன செம்பில் புளி கரைத்தால் எங்கள் ஆயா வீட்டையே இரண்டாக்கிவிடுவார். ஆண்டுக்கு ஒருமுறை ஈயம் பூசுகிறவர் வந்து, வளவில் கரியடுப்பு மூட்டி, நவச்சாரப் புகை கிளப்பி, வெள்ளீயத்தைப் பஞ்சால் தேய்த்துவிட்டுப் போவது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

என் ஐயம் இந்த அண்டாவிலிருந்துதான் தொடங்குகிறது. சென்ற ஆண்டு ஸ்காட்லாந்தில் இருக்கும் என் மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஸ்பேசைடு பகுதியில் ஒரு மால்ட் விஸ்கி ஆலையைச் சுற்றிப் பார்த்தோம். மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, அரைக்கும் இடம் முதல் சர்க்கரைக் கரைசலை நொதிக்க வைக்கும் தொட்டிகள் வரை எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. ஒரே ஒரு பணியாளர் கணினித் திரையின் முன்னால் அமர்ந்து முழு ஆலையையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால், காய்ச்சி வடிக்கும் கூடத்துக்குள் நுழைந்தால், அங்கு மட்டும் ஆளுயரத்தைப் போல நான்கு மடங்கு உயரமுள்ள செம்புக் கொப்பரைகள், அதாவது வாலைகள், கொக்கின் கழுத்தைப் போல வளைந்து நிற்கின்றன. உள்ளே ஈயப் பூச்சு ஏதும் கிடையாது, வெறும் செம்பு. ஏன் என்று கேட்டதற்கு, எங்களை அழைத்துச் சென்ற பெண், அது வழிவழியாக வந்த முறை என்றும் சுவைக்கு நல்லது என்றும் சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு நடந்துவிட்டார்.

நம் வீடுகளில் செம்பு உணவைத் தொடக்கூடாது என்று பூச்சுப் பூசினோம். அவர்களோ செம்பு தொட வேண்டும் என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். இரண்டில் எது சரி, அல்லது இரண்டுமே சரியா? அந்தக் கொப்பரையின் வடிவத்துக்கும் சுவைக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன். (வீட்டில் வடிக்கும் எண்ணம் எதுவும் இல்லை, அது குற்றம் என்பது தெரியும்.)

மறுமொழி 1: ஓய்வுபெற்ற வேதியியலாளன், காரைக்குடி

தம்பி, இரண்டும் சரிதான். நான் உலோக அரிப்பை ஆராய்வதிலேயே பணிக்காலத்தைக் கழித்தவன். ஆகவே உங்கள் ஆயா பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். புளி, மோர், தக்காளி போன்ற புளிப்புப் பொருள்கள் காற்றுடன் சேர்ந்து செம்பை மெல்லக் கரைக்கும். கரைந்த செம்பு உப்புகள் உணவிலேயே தங்கிவிடும்; நாம் அந்த உணவை அப்படியே உண்கிறோம். செம்பிற் களிம்பு என்று நம் சைவ நூல்கள் உவமை சொல்லும் அந்தப் பச்சை, குமட்டலும் வயிற்றுப் போக்கும் உண்டாக்கக்கூடியது. அதனால்தான் வெள்ளீயம் பூசினார்கள்.

வாலையில் நிலைமை வேறு. அங்கு ஊற்றப்படும் நொதித்த நீரும் புளிப்பானதுதான். அதன் அமிலத்தன்மை நம் மோருக்கு ஏறக்குறைய நெருங்கி வரும். அதுவும் செம்பைக் கரைக்கத்தான் செய்கிறது. ஆனால், நாம் எடுத்துக்கொள்வது கொப்பரையில் மிஞ்சும் நீரை அல்ல, அதிலிருந்து எழும் ஆவியை. செம்பு உப்புகள் ஆவியாகா. ஆகவே கரைந்ததில் பெரும்பகுதி அடியிலேயே தங்கிவிடுகிறது. முதல் வாலையில் மிஞ்சும் அந்தக் கழிவு நீரைச் சுண்டக் காய்ச்சி மாட்டுத் தீவனத்தில் சேர்ப்பார்கள். செம்மறி ஆட்டுக்கு மட்டும் கொடுக்கமாட்டார்கள். செம்மறியின் ஈரல் செம்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், அளவு மீறினால் ஆடு செத்துப்போகும். நம் பக்கத்தில் கிடை போடுகிறவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

இனி, செம்பு ஏன் வேண்டும் என்பது. பார்லியின் புரதத்திலிருந்தும் ஈஸ்ட்டின் செயலிலிருந்தும் கந்தகச் சேர்மங்கள் பல உண்டாகின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டையைப் போல நாறும். டைமெத்தில் டிரைசல்ஃபைடு என்ற ஒன்று, அழுகிய முட்டைக்கோசை நினைவூட்டும், மிகமிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குப் பிடிபட்டுவிடும். இவை எளிதில் ஆவியாகக்கூடியவை என்பதால் ஆல்கஹாலுடன் சேர்ந்தே மேலே வருகின்றன. சூடான செம்புப் பரப்பு இந்தக் கந்தகத்தைப் பிடித்துக்கொள்கிறது. பூசையறைச் செம்புச் சொம்பு நாள்பட நாள்படக் கறுத்துப் போகிறதே, அதன் ஒரு பகுதி காற்றில் உள்ள கந்தகத்தால் நேர்வதுதான். அதே வினை அங்கு ஆவிக்குள், பல மடங்கு விரைவாக நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃகுக்கு இந்த வேலை தெரியாது. அது எதனோடும் வினைபுரியாமல் இருப்பதற்காகவே செய்யப்பட்ட உலோகம்.

மரபு என்று அந்தப் பெண் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. தகடாக அடிக்க எளிது, வெப்பத்தை நன்கு கடத்தும் என்பதற்காகத்தான் தொடக்கத்தில் செம்பைத் தேர்ந்தார்கள். அது சுவைக்கும் உழைக்கிறது என்பது பின்னாளில், எஃகில் வடித்துப் பார்த்து ஒப்பிட்டபோது தெளிவாயிற்று. ஸ்பேசைடிலேயே ரோஸைல் என்னும் புதிய ஆலையில், ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சர்களைச் செம்பில் ஒன்று, எஃகில் ஒன்று என இணையாகப் பொருத்தியிருக்கிறார்கள். மென்மையான சாராயம் வேண்டுமானால் ஆவியைச் செம்பு வழியாகவும், கனத்த, இறைச்சி வாடை கலந்த சாராயம் வேண்டுமானால் எஃகு வழியாகவும் திருப்பிவிடுவார்கள். உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

மறுமொழி 2: மால்ட் ஆலைப் பணியாளன்

நான் தேவகோட்டைக்காரன்; பெங்களூருக்கு அருகே ஒரு மால்ட் ஆலையில் வடிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். ஐயா சொன்ன வேதியியலுக்கு மேல் எனக்குத் தெரியாது; ஆனால், செம்பைப் பற்றி மட்டும் பேசினால் வாலைக்கு முன்னால் நடக்கும் வேலை மறைந்துவிடுகிறது. என் மதிப்பீட்டில் விஸ்கியின் குணத்தில் பாதி, நொதித் தொட்டியிலேயே முடிவாகிவிடுகிறது.

கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி உலர்த்தி மாவாக்கும் வீடுகளில் பிறந்த நமக்கு மால்ட் என்பது புதிய செய்தி அல்ல. பார்லியை இரண்டு நாளளவு ஊறவிட்டு, ஐந்தாறு நாள் முளைக்கவிட்டு, வேர் நீண்டு மாவுச்சத்தைத் தின்றுவிடும் முன்பே சூளையில் உலர்த்துகிறார்கள். முளை விடும்போது உண்டாகும் நொதிகள் (என்சைம்கள்)தாம் இங்கு முக்கியம். அரைத்த மால்ட்டை 63, 64 பாகை செல்சியஸ் வெந்நீருடன் கலந்தால் அந்த நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். நீர் மிகச் சூடாகப் போனால் நொதிகள் வெந்துபோய் வெறும் கஞ்சிதான் மிஞ்சும். அதனால் முதல் நீர் மிதமாகவும், ஒட்டியிருக்கும் சர்க்கரையைக் கழுவியெடுக்கும் அடுத்தடுத்த நீர் மேலும் சூடாகவும் ஊற்றப்படும். அரைப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. முற்றிலும் மாவாக அரைத்துவிட்டால் தொட்டியின் அடியில் உள்ள சல்லடை அடைத்துக்கொள்ளும். உமி கிழியாமல் நின்று வடிகட்டியாகப் படுக்க வேண்டும். அதற்காக உமி இரண்டு பங்கு, நொய் ஏழு பங்கு, மாவு ஒரு பங்கு என்ற அளவை ஒட்டியே உருளைகளைத் திருப்பி வைக்கிறோம்.

இப்படி இறங்கும் இனிப்பு நீரைக் குளிரவைத்து ஈஸ்ட் போடும் இடத்தில்தான் நம் நாட்டுக்கும் ஸ்காட்லாந்துக்கும் உள்ள வேறுபாடு தலைகாட்டுகிறது. அங்கே ஓடை நீரைக் கொண்டே 20 பாகைக்குக் கீழே குளிரவைத்துவிடலாம். நொதிக்கும்போது வெப்பம் தானாகவே பத்துப் பதினைந்து பாகை ஏறும். 33, 34 வரை போய் நிற்கும். நம் ஊரில் ஆழ்குழாய் நீரே 28, 30 பாகையில் வருகிறது. அதைக் கொண்டு மட்டும் குளிர்வித்துத் தொடங்கினால் இரண்டாம் நாள் 45-ஐ நெருங்கி ஈஸ்ட் மடிந்துவிடும். ஆகவே குளிர்பதன இயந்திரம் இல்லாமல் இங்கு நொதித் தொட்டியே கிடையாது.

இரண்டு நாளில் ஈஸ்ட்டின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். நூற்றுக்கு எட்டுப் பங்கு ஆல்கஹால் உள்ள புளித்த பீர் போன்ற ஒன்று கிடைக்கும். அவசரக்கார ஆலை அப்போதே வாலைக்கு அனுப்பிவிடும். இன்னும் ஒன்றிரண்டு நாள் விட்டுவைத்தால் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள், அதாவது நம் தோசை மாவைப் புளிக்க வைக்கும் அதே இனத்தவை, பெருகிப் பழவாசனை தரும் சேர்மங்களுக்கு வழிசெய்யும். மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கிற புதியவர்கள் எல்லாரும் ஒருமுறை அடிபடுவார்கள். கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) மூக்கில் ஊசி குத்தியதைப் போல ஏறி, கண்ணில் நீர் வந்துவிடும். இரண்டாம் முறை யாரும் குனிவதில்லை.

இனி வாலையின் வடிவம். முதல் வாலை எட்டுச் சதவீதத்தை இருபத்திரண்டு, இருபத்தைந்தாக உயர்த்துகிறது. இரண்டாவது வாலை அதை எழுபது அளவுக்குக் கொண்டுபோகிறது. கழுத்து நீளமாக இருந்தால் கனமான ஆவிகள் வழியிலேயே குளிர்ந்து, சுவரில் வழிந்து, மீண்டும் கொப்பரைக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு முறையும் செம்பைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பும். கிளென்மொராஞ்சி ஆலையில் கழுத்து மட்டுமே 5 மீட்டருக்கு மேல். அதன் சாராயம் மெல்லியது என்று பெயர் பெற்றிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மக்கல்லன் ஆலையில் குட்டையான சிறு வாலைகள். சாராயம் எண்ணெய்ப் பசையுடன் கனத்திருக்கும். உச்சியிலிருந்து கண்டென்சருக்குப் போகும் குழாய் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் திரும்பி வழிவது கூடும், கீழ்நோக்கிச் சாய்ந்தால் குறையும்.

இதை நம்பாதவர்களுக்கு டால்வின்னி ஆலையின் கதையைச் சொல்வது வழக்கம். அங்கு ஆவியைக் குளிர்விக்க, நீர்த்தொட்டிக்குள் பாம்பைப் போலச் சுருண்டு கிடக்கும் பழைய செம்புக் குழாய் இருந்தது. அதில் ஆவி விரைவில் நீராகிவிடும். செம்பைத் தொடும் பரப்பு குறைவு. 1986-இல் அதை எடுத்துவிட்டு, நூற்றுக்கணக்கான மெல்லிய செம்புக் குழாய்கள் கொண்ட நவீனக் கண்டென்சரை வைத்தார்கள். சாராயத்தின் குணம் மாறிவிட்டது. மனம் பொறுக்காமல் 1995-இல் பழைய வகைச் சுருளையே திரும்பக் கொண்டுவந்தார்கள். கூடுதல் செம்பு என்றால் கூடுதல் நன்மை என்று பொருளில்லை என்பதை இங்கே கவனியுங்கள். சில ஆலைகளுக்குக் கொஞ்சம் கந்தகமும் வேண்டியிருக்கிறது.

மறுமொழி 3: சித்த மருத்துவர், பள்ளத்தூர்

வாலை என்ற சொல்லை இங்கு எல்லாரும் இயல்பாகப் புழங்குவது கண்டு மகிழ்ச்சி. சித்த மருத்துவத்தில் தீநீர் இறக்குவதற்கு வாலை இயந்திரத்தைத்தான் பயன்படுத்துகிறோம். குழந்தைகளின் வயிற்று உப்புசத்துக்குக் கொடுக்கும் ஓமத் தீநீர் அப்படி இறக்கப்படுவதே. ஓமத்தை ஊறவைத்த நீர் கொதிக்கும்போது, அதன் எண்ணெயும் நீராவியும் சேர்ந்து ஏறி, குளிர்ந்த பரப்பில் பட்டு வடியும். தீயைக் கூட்டினால் அடிப்பிடித்த வாடை தீநீரிலும் ஏறிவிடும் என்பதை இந்தத் தொழிலில் கைபட்ட எவரும் அறிவர். நேரடித் தீயில் காய்ச்சும் விஸ்கி வாலைகளில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று அறிய ஆவல்.

இன்னொன்றும் தெளிவுபட வேண்டும். முதலில் வடிவதை நீக்கிவிட்டால் மெத்தனால் போய்விடும், ஆகவே பயமில்லை என்று பலர் பேசக் கேட்டிருக்கிறேன். 2024-இல் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிர்கள் போன பிறகும் இப்பேச்சு ஓயவில்லை.

மறுமொழி 2 தொடர்ச்சி: மால்ட் ஆலைப் பணியாளன்

பள்ளத்தூர் மருத்துவர் ஆச்சி அவர்களின் இரண்டாம் கேள்விக்கு முதலில் வருகிறேன். கள்ளக்குறிச்சியில் நடந்தது வடிப்பில் நேர்ந்த பிழை அல்ல. தொழிற்சாலை மெத்தனாலைச் சாராயத்தில் கலந்து விற்றதால் வந்தது. பார்லியில், மெத்தனாலுக்கு மூலமான பெக்டின் மிகக் குறைவு என்பதால் மால்ட்டில் மெத்தனால் இயல்பிலேயே சொற்பம். தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த நீரில் மெத்தனால் முதலில் மட்டும் வராமல், தொடக்கம் முதல் கடைசி வரை பரவித்தான் வரும். ஆகவே யாராவது மெத்தனாலைக் கலந்துவிட்ட சாராயத்தை, தலையை, அதாவது முதலில் வடிவதை, வெட்டி எடுத்துவிட்டதாகச் சொல்லி யாரும் பாதுகாப்பாக்க முடியாது.

நாங்கள் தலையை நீக்குவது வேறு காரணத்துக்காக. இரண்டாம் வாலையில் முதல் கால் மணி, அரை மணி நேரம் வடிவதில் காரநெடி வீசும் எஸ்டர்களும், சென்ற முறை குழாயில் தங்கிய எண்ணெய்களும், கரைந்த செம்பின் நீலப் பச்சை நிறமும் வரும். அதைத் தனியே திருப்பிவிடுவோம். நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, வலு அறுபத்து மூன்று, அறுபது என்று இறங்கி ஈரச் சாக்கு வாடை தொடங்கும்போது நிறுத்துவோம். தலையும், கடைசியில் வடியும் வாலும் அடுத்த முறை வடிப்பில் மீண்டும் சேரும், எதுவும் வீணாகாது. ஸ்காட்லாந்தில் இந்தப் பிரிப்பைப் பித்தளைச் சட்டமும் கண்ணாடியும் கொண்ட பூட்டிய பெட்டிக்குள் கைப்பிடி திருப்பியே செய்வார்கள். 1823-ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டிப் பரவிய பெட்டி அது. வரி கட்டாமல் ஒரு சொட்டும் வெளியே போகாமல் இருக்க, நீண்ட காலம் அதன் சாவி ஆயத்துறை அலுவலரிடமே இருந்தது. வாயில் ஊற்றிப் பார்க்க வழியில்லாததால், பெட்டிக்குள்ளேயே நீர் கலந்து கலங்குகிறதா என்று பார்ப்பார்கள்; கலக்கம் நின்றால் தலை முடிந்தது என்று அறிவார்கள்.

அடிப்பிடிப்பதைப் பற்றி: நீராவிக் குழாய் கொண்டு சூடாக்கும் வாலையில் அந்தத் தொல்லை குறைவு. கிளென்ஃபார்க்ளாஸ் போல இன்றும் நேரடித் தீயை வைத்திருக்கும் ஆலைகளில் முதல் வாலையின் அடியில் சுழலும் கைகளில் செம்புச் சங்கிலி வலையைத் தொங்கவிட்டு, அடியைத் துழாவிக்கொண்டே இருப்பார்கள். அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சும்போது கரண்டியை எடுக்காமல் துழாவுவதைப் போலத்தான். ஆனால் அந்தச் சங்கிலி அடித்தகட்டையும் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

கேட்டவர்: கானாடுகாத்தான் வாசி

அனைவருக்கும் நன்றி. செம்பு கந்தகத்தைப் பிடித்துக்கொள்கிறது, புளிப்பில் கரைகிறது, சங்கிலியும் தேய்க்கிறது என்றால், அந்தக் கொப்பரை எவ்வளவு காலம்தான் தாங்கும்? இந்த ஊரில் இதைச் செய்ய முடியுமா என்ற என் ஆவலும் அப்படியே இருக்கிறது.

மறுமொழி 2 தொடர்ச்சி: மால்ட் ஆலைப் பணியாளன்

தேய்மானம்தான் அதன் வேலை, அண்ணன். ஒரு வாலை பொதுவாக 15 முதல் 25 ஆண்டு தாங்கும்; ஆவி விரைந்து திரும்பும் தோள் பகுதியும் உச்சிக் குழாயும் முதலில் மெலியும். இப்போது மீயொலிக் கருவியை வைத்து இடத்துக்கு இடம் தகட்டின் தடிப்பை அளந்து, எழுதி வைக்கிறோம். மெலிந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, புதுத் தகட்டைப் பற்றவைப்பார்கள். கவனிக்காமல் விட்டால், கொதிக்கும்போது தோள் மூச்சு விடுவதைப் போல உள்ளே போய் வெளியே வரும். அதைப் பார்த்த பிறகு ஒரு நாளும் ஓட்டக்கூடாது. வாலையை நிறுத்திக் குளிரவிடும்போது காற்று வால்வைத் திறக்க மறந்தால், உள்ளே ஆவி சுருங்கி வெற்றிடம் உண்டாகி, மெலிந்த செம்பு காகிதக் குவளையைப் போல நசுங்கிவிடும்.

இந்த ஊரில் செய்ய முடியுமா என்பதற்கு என் பதில், வடிப்பு வரை முடியும், பீப்பாயில்தான் அடி விழும் என்பது. பார்லி இங்கு விளையாது. எங்களுக்கே ராஜஸ்தான், பஞ்சாப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. அது பெரிய தடை அல்ல. ஸ்காட்லாந்தில் கருவாலி (ஓக்) மரப் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு 2 சதவீதம் அளவே ஆவியாகிப் போகிறது. பெங்களூரில் 10, 12 சதவீதம் போகிறது. 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை இங்கு ஐந்தாண்டு வைத்தால் ஏறக்குறைய 110 லிட்டர்தான் மிஞ்சும். அங்கு பன்னிரண்டு ஆண்டு வைத்தாலும் 155 லிட்டருக்கு மேல் இருக்கும். வெப்பத்தில் மரத்தின் சாரம் விரைவாக இறங்கிவிடுவதால், நமக்குப் பன்னிரண்டு ஆண்டு தேவைப்படுவதும் இல்லை. பெங்களூர் அம்ருத் ஆலை 2004-இல் தன் சிங்கிள் மால்ட்டை முதலில் கொண்டுபோய் விற்றது கிளாஸ்கோ நகரில் என்பதை எங்கள் ஆலையில் இன்றும் சிரித்தபடி சொல்வோம்; திருநெல்வேலிக்கே அல்வா விற்கப் போன கதை. ஆனால் பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காரைக்குடிச் சித்திரை வெயிலில் பீப்பாய் என்ன பாடுபடும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கேட்டவர்: கானாடுகாத்தான் வாசி

இதைப் படித்த பிறகு அண்டாவைப் பாத்திரக்காரரிடம் எடுத்துப் போனேன். அவர் கருவி எதுவும் வைக்கவில்லை. கவிழ்த்துப் போட்டு, விரல் முட்டியால் விளிம்பிலிருந்து அடி வரை தட்டிக்கொண்டே வந்தார். விளிம்பில் மணி போல ஒலித்தது. அடிவயிற்றில், அடுப்பு நாக்கு படும் இடத்துக்கு வந்ததும் ஒலி அடங்கித் தகரத்தைத் தட்டுவதைப் போலாகிவிட்டது. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கச் சொன்னார். ஊசிக்கண் அளவில் மூன்று இடங்களில் வெளிச்சம் தெரிந்தது. ஈயம் பூசிப் பயனில்லை, அடியை வெட்டிப் புதுத் தகடு வைக்கலாம் என்றார். கூலியைக் கேட்டுவிட்டு, அப்படியே திரும்பக் கொண்டுவந்து வளவுத் தூணோரம் வைத்திருக்கிறேன்.